உப்பில் கிடந்த கோடாலி

உப்பு மரவியிலிருந்து சிவப்பாகத் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது ஐம்பத்தாறாம் வருசத்துப் புரட்டாசி மாதத்தில். பலாத்தடியைக் குடைந்து செய்த பெரிய உப்புத்தொட்டி அது. பாலையனின் அப்பா செய்தது. அடுக்களை மூலையில் ஓர் ஆட்டுக்குட்டி படுத்திருப்பதுபோலக் கிடக்கும். விடிந்ததும் சுகிர்தபாய் முதல் வேலையாக அதன் அடியைப் பழந்துணியால் துடைத்தாள். கஞ்சி வடித்துவிட்டு வந்து பார்த்தால் மறுபடியும் ஒழுகியிருந்தது. அதையும் துடைத்தாள். மூன்றாவது தடவை குனிந்தபோது புருசன் பின்னால் நின்றுகொண்டிருந்தான்.

“மரவி பொட்டிப்போச்சா எட்டி?”

“இல்ல. மழையில்லா, உப்பு கசியுதாக்கும்.”

“உப்பு செவப்பாட்டா கசியும்?”

“பலாத்தடிக்க கறையா இருக்கும்.”

“நாப்பது வருசம் உப்பு குடிச்ச தடியில இனி ஏது கறை?”

போயும் போயும் மரத்தைப் பற்றி பாலையனிடமா பொய் சொல்வது? தடியில் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே பொந்து எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற ஆள் அவன். நல்லவேளையாக அன்று பாறசாலைச் சந்தை. மேற்கொண்டு கேட்காமல் மரச்சீனிக் கிழங்குச் சாக்கைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டான். சாக்கை இடதுகைதான் பிடித்திருந்தது. வலதுகை முட்டியில் மடங்கினது மடங்கினபடி விலாவோடு ஒட்டி நின்றது.

அவன் ஓடை வரப்பைத் தாண்டியதும் சுகிர்தபாய் உப்பை வாரிச் சருவத்தில் போட்டாள். மேலே வெள்ளை உப்பு. ஒரு சாணுக்குக் கீழே செங்கல்பொடி போல ஆனது. அதற்கும் கீழே கை எதிலோ முட்டியது. இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தபோது அது பொரிந்த பலாக்கொட்டைத் தோல் மாதிரி அடுக்கடுக்காக உரிந்துகொண்டு வந்தது. அவள் அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அது பாலையனின் கோடாலி.

சாதாரணமாக விறகு கீறுகிற கோடாலி இல்லை. உருண்டைத் தடியைச் சதுரமாகச் செதுக்குகிற கோடாலி. அலகு ஒரு முறம்போல அகலம். ஒரு பக்கம் கண்ணாடிபோலத் தட்டை, மறுபக்கம்தான் சாய்வு. கோயில் கட்ட வந்த மிஷன் துரை கப்பலில் கொண்டுவந்து, வேலை முடிந்து போகும்போது பாலையனின் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. மூன்று தலைமுறையாக அந்த வீட்டுக்குச் சோறு போட்டது அதுதான்.

இரண்டு வருசத்துக்கு முன்னால், ஆடி மாதக் கடைசியில், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்ததற்கு மறுநாள். தெற்குத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கிழக்கே ஊர்வலம் போன பாலையன் திரும்பி வரவில்லை. கோடாலி, வெட்டுகத்தி இருக்கிற வீட்டில் போலீஸ் ஏறி ஆளைத் தூக்குகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டதும் சுகிர்தபாய் கோடாலியை இழுத்தெடுத்தாள். பிடியைக் கழற்றப் பார்த்தாள், வரவில்லை. வெட்டுகத்தியால் பிடியைக் கழுத்தோடு தறித்து அடுப்பில் திணித்தாள். கோடாலித் தலையை உப்பு மரவியில் புதைத்தாள். போலீஸ்காரர் இரண்டு பேர் வந்தார்கள். வெட்டுகத்தியைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். கோடாலிப் பிடி எரிந்து கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

பாலையன் இரண்டு மாதம் கழித்து வந்தான். கூட்டம் கலைந்து ஓடியபோது செங்கல் வெட்டின குழியில் விழுந்து வலது கைமுட்டி நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பேர் எழுதிவைப்பார்கள் என்று பயந்து, அக்காள் வீட்டில் ஒளிந்துகிடந்து ஒரு வர்ம ஆசானிடம் கட்டுப் போட்டிருக்கிறான். எலும்பு கூடியது, கூடின இடத்திலேயே பூட்டிக்கொண்டது. கோடாலியைப் போலீஸ் கொண்டுபோயிருக்கும் என்று அவனே நினைத்துக்கொண்டான். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தோளுக்கு மேல் தூக்க முடியாத கையோடு உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் அதை எடுத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, மேலே மேலே உப்பைப் போட்டாள். குழம்புக்கு உப்பு வேறு சட்டியில் வைத்துக்கொண்டாள். மீனுக்கு உப்பிட்டே வளர்ந்தவளுக்கு உப்பு இரும்பைத் தின்னும் என்று தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தோம் என்பதுதான் இப்போது அவளை அறுத்தது.

அழுது முடித்துவிட்டு எழுந்தாள். வெண்கலப் பாத்திரம் துலக்கத் தெரிந்த கைக்கு இது மட்டும் தெரியாமல் போகுமா என்ன? சருவம் நிறையப் புளித்த கஞ்சித்தண்ணீரை ஊற்றி, பழம்புளி கரைத்து, கோடாலியை அதில் முக்கினாள். மேலே மேலே குமிழ் கிளம்பியது. இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துத் தேங்காய்த் தொண்டும் ஆற்றுமணலும் ஓட்டுப்பொடியும் வைத்துத் தேய்த்தாள். துளைக்குள் மாட்டியிருந்த பழைய பிடிக் கட்டையை அம்மிக் குழவியால் அடித்து வெளியேற்றினாள். கோடாலி கையிலிருந்து வழுக்கியது. பிடித்துத் தேய்க்க வசதியாக உடைந்த உலக்கைத் துண்டு ஒன்றைத் துளையில் செருகிக்கொண்டாள். விரல் நகக்கண்ணெல்லாம் கறுத்துப்போனது. பொருக்கு போய் இரும்பு தெரிந்தது. தட்டையான பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு.

“இது எங்க இருந்து?”

சந்தையிலிருந்து பாலையன் வந்துவிட்டதை அவள் கவனிக்கவில்லை. வெறுஞ்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான்.

“மரவியில இருந்து.”

“மரவியில எப்பம் வந்து?”

“நீங்க ஊர்வலம் போன அந்த ஆடியில. ஜீப் வந்து. நான் பயந்து போயி…”

“ரெண்டு வருசமா உப்புக்குள்ளயா கெடக்கு?”

அவள் தலையை ஆட்டினாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தாலும் தேவலை என்றிருந்தது.

“போலீசு கொண்டுபோச்சுன்னு நான் நெனச்சிட்டு இருக்கேன். நீயும் பாத்துட்டே இருந்த. வாயில என்ன கொழுக்கட்டையா எட்டி?”

“எடுத்துத் தந்திருந்தா நீங்க என்ன செய்வியோ? கையைப் பாப்பியோ, கோடாலியைப் பாப்பியோ. ரெண்டையும் பாத்துட்டு நீங்க இருக்கத எனக்குப் பாக்க முடியாதுன்னாக்கும் எடுக்கல்ல. செய்தது தப்பு. வேணுமுண்ணா ரெண்டு அடி அடியுங்க.”

பாலையன் சாக்கைக் கீழே போட்டுவிட்டுக் கோடாலியைப் பார்த்தான். அவன் முகம் கோணியது.

“உலக்கைத் துண்ட எந்தப் பக்கமாட்டுச் செருகியிருக்க? தலைகீழாட்டு இருக்கு. இங்க கொண்டா.”

சரிசெய்வதற்காக வாங்கினான். இரண்டு வருசப் பழக்கத்தில் இடதுகைதான் நீண்டது. கிழங்கு பிடுங்குவதும் ஓலை வெட்டுவதும் தொண்டு உரிப்பதும் இப்போதெல்லாம் அந்தக் கைதான். துண்டைப் பிடுங்க வாகாகக் கோடாலியைக் கதவு நிலையில் சாய்த்தான். இடதுகைப் பிடியிலேயே, செதுக்குகிற தடியில் உட்காருவதுபோல, தட்டைப் பக்கம் நிலைமரத்தில் ஒட்டி உட்கார்ந்தது. அவன் அப்படியே நின்றான். எடுத்தான். மறுபடியும் வைத்தான். மறுபடியும் ஒட்டி உட்கார்ந்தது. வலதுகை இருக்கிற இருப்பிலேயே வந்து பிடியின் வாலைப் பிடித்துக்கொண்டது. வாலைப் பிடிக்க அந்தக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

“என்ன?” என்றாள் சுகிர்தபாய்.

“ஒண்ணுமில்ல. நாளைக்கு செல்லசாமிக்கிட்ட கொண்டுபோவணும்.”

செல்லசாமியின் கொல்லப்பட்டறை உதியன்குளங்கரை முக்கில் இருந்தது. மறுநாள் இருவருமாகப் போனார்கள். செல்லசாமி கோடாலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“அண்ணே, இது கடல்ல கெடந்தா?”

“வீட்டுல, உப்பு மரவியில.”

செல்லசாமி சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். “மாங்காயத்தான் உப்புல போடுவாவ. கோடாலிய ஊறுகா போட்டது நம்ம மைனி மட்டுமாக்கும்.”

“சிரிச்சது போதும். வாயி மிஞ்சுமா, அதப் பறை” என்றாள் சுகிர்தபாய்.

அவன் அரத்தால் முனையை நாலு இழுப்பு இழுத்தான். கறுப்புக்கு அடியில் வெள்ளிக் கோடு தெரிந்தது. “உருக்கு உள்ள இருக்கு. அரை விரல் அளவு கொறையும். வாயை மட்டும் காய்ச்சி நீட்டித் தரலாம். தட்டைப் பக்கத்துல தழும்பு போவாது. முனையோடு சேந்த இடத்தை மட்டும் கல்லுல தேச்சு நிரப்பாக்குனா வேலை ஓடும்.”

“செல்லசாமி, எனக்கு வேற ஒண்ணு கேக்கணும்” என்றான் பாலையன். “பிடிய மறுபக்கத்துல இருந்து போட்டா நிக்குமா? துளையை விரிக்கணுமா?”

செல்லசாமி துளைக்குள் விரலை விட்டான். விரலை எடுத்துவிட்டு ஓர் ஈர்க்குச்சியை விட்டு அளந்தான். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“விரிக்க ஒண்ணும் வேண்டாம். நடுவுல ஒடுக்கம், ரெண்டு வாயிலயும் விரிவாட்டுதான் இருக்கு. எந்தப் பக்கம் போட்டாலும் ஆப்பு அடிச்சா நிக்கும். வெள்ளக்காரன் ரெண்டு கைக்கும் பொதுவாட்டாக்கும் அடிச்சு வச்சிருக்கான். ஒங்க தாத்தாவும் அப்பாவும் இதப் பாக்கல்லியா?”

“பிடி ஒடிஞ்சா பழையது எப்பிடி இருந்துதோ அப்பிடியே போடுவோம். மாத்திப் போட ஆருக்குத் தோணும்?”

தோன்றியது ஒன்றும் தெரியாத சுகிர்தபாய்க்கு. அதுவும் தப்பாகச் செருகியபோது. பாலையன் அதை வாயால் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் கடையில் அவளுக்கு ஒரு சாயாவும் ஒரு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தான். கல்யாணம் ஆன பிறகு அவன் கடையில் வைத்து அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பிடிக்குக் கம்பு தேடிப் பத்து நாள் அலைந்தான். செதுக்குகிற கோடாலியின் பிடி நேராக இருக்கக் கூடாது. தடியில் விரல்முட்டி உரசாமலிருக்க வெளிப்பக்கமாக வளைந்திருக்க வேண்டும். இதுவரை போட்டதெல்லாம் வலத்தே வளைந்தது. இப்போது இடத்தே வளைந்தது வேண்டும். செதுக்கி வளைத்தால் ஒடியும், மரமே வளைந்து வளர்ந்திருக்க வேண்டும். ஓடைக்கரைக் கொய்யாவில் அப்படி ஒரு கிளை அகப்பட்டது. தோலை உரித்து அடுப்புக்கு மேல் புகையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஈரம் போனதும் பாலையன் அதைச் சீவிக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, புன்னை எண்ணெய் தேய்த்தான். அயனி மர வைரத்தில் ஆப்பு அடித்து இறுக்கினான். முனையை அவனே கல்லில் தீட்டினான். முன்கையில் மயிர் சிரைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

அதற்குப் பிறகு கோடாலி சுவரில் சாய்ந்து சும்மா நின்றது.

ஏன் என்று சுகிர்தபாய்க்குத் தெரியும். தடியைச் சதுரிக்கிற வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும், தடிக்கு இருபக்கமும். பாலையனுக்கு எதிர்ப்பக்கத்து ஆள் கருணாகரன். பதினெட்டு வருசம் ஒரே தடியில் நின்றவர்கள். இருவரும் வலதுகைக்காரர்கள் ஆனதால் ஒருவன் அடித்தூரிலிருந்தும் மற்றவன் நுனித்தலைப்பிலிருந்தும் தொடங்குவார்கள். நடுவில் ஒருவரையொருவர் கடந்து போகும்போது பீடி மாற்றிக்கொள்வார்கள். சாயங்காலம் பெண்டாட்டிமார் ஓலைக் கடவத்தோடு வந்து, செதுக்கி விழுந்த சிராய் வாருவார்கள். எந்தப் பக்கம் விழுகிற சிராயோ அது அந்தப் பக்கத்து ஆளின் அடுப்புக்கு. அதுதான் அந்தத் தொழிலின் முறை. பாலையன் வீட்டில் இரண்டு வருசமாக எரிவது ஈர ஓலையும் தென்னங்கொதும்பும்தான். ஊதி ஊதி சுகிர்தபாய்க்குக் கண் சிவந்தே இருக்கும்.

சண்டை வந்தது போராட்டக் காலத்தில். கருணாகரன் மலையாளம் பேசுகிற வீட்டுக்காரன். பாலையன் தமிழ்க்கட்சி. துப்பாக்கிச்சூட்டுக்கு ஒரு வாரம் முன்னால் சாயாக்கடையில் பத்துப் பேருக்கு நடுவில் வைத்துப் பாலையன் சொன்னான்: “நாளைக்கு இது தமிழ்நாடாக்கும். நீ ஒன் கோடாலியத் தூக்கிட்டு வடக்கே போயிரு.” கருணாகரன் குடித்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. இப்போது எல்லை போட்டாகிவிட்டது. விளவங்கோடு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில். பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் இந்தப் பக்கம், கேரளத்தில். கையைக் கொடுத்ததற்கு ஊரும் கிடைக்கவில்லை.

“உபதேசியார் அருமநாயகம் நேத்தும் கேட்டாரு” என்றாள் சுகிர்தபாய். “கோயில் உத்தரத்துக்கு அயனித் தடி களத்துல வந்து கெடக்கு. கிறிஸ்துமசுக்கு முன்ன ஏத்தணும். கருணாகரன் அண்ணன் ஒத்தைக்குத்தான் நிக்காரு. வேற ஆளைக் கூட்டித் தரட்டான்னு கேட்டா, வேண்டாம்ங்காராம்.”

“நான் எந்த மொகத்த வச்சிட்டுப் போவேன்? நீ கெழக்கே போன்னு ஒரு வார்த்தை அவன் பறைஞ்சா போதும். அவன் பறையலாம். அவனுக்கு நியாயம் உண்டு.”

“பறைஞ்சா கேட்டுட்டு வாருங்க. நீங்க பறைஞ்சத அவரு கேட்டாருல்லா?”

பாலையன் அவளை முறைத்தான். அவள் அசையவில்லை.

“சரி, நான் கோடாலிய எடுத்துட்டு முன்ன போறேன். நீங்க வரணும்னா வாருங்க. வரல்லன்னா கருணாகரன் அண்ணன்கிட்ட குடுத்துட்டு வாறேன். இனியும் இது துருப்பிடிக்கத எனக்குப் பாக்க முடியாது.”

அன்று நவம்பர் முதல் தேதி, புது எல்லை நடப்புக்கு வந்த நாள். மழை விட்டிருந்தது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் விடிந்ததிலிருந்தே கொண்டாட்ட வெடிச்சத்தம். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் யாரும் சத்தம் போட்டுப் பேசவில்லை. சுகிர்தபாய் தோளில் கோடாலியோடு வரப்பில் நடந்தாள். இருபது அடி பின்னால் பாலையன் வந்தான்.

குளத்தங்கரைத் தடிக்களத்தில் கருணாகரன் தனியாக உட்கார்ந்து கோடாலி தீட்டிக்கொண்டிருந்தான். அவர்களைக் கண்டு கையை நிறுத்தினான். சுகிர்தபாய் கோடாலியைத் தடிமேல் வைத்துவிட்டு விலகி நின்றாள். கருணாகரன் அதைக் கையில் எடுத்து, தட்டைப் பக்கத்துத் தழும்புகளை விரலால் தடவினான்.

“இது எவிடெ ஆயிருந்நு?”

“உப்புல” என்றான் பாலையன்.

“பிடி மறுபக்கமல்லோ?”

“வலதுகை தூக்காது. இடதாக்கும் இப்பம்.”

கருணாகரன் அந்தக் கையைப் பார்த்தான், ரொம்ப நேரம். பிறகு கரிநூலை எடுத்து ஒரு முனையை நீட்டினான். பாலையன் பிடித்துக்கொண்டான். தடியின் நீளத்துக்கும் நூலை இழுத்துச் சுண்டினார்கள். வெள்ளைத் தடியில் கறுப்புக் கோடு விழுந்தது. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று.

பழைய பழக்கத்தில் பாலையன் தலைப்புப் பக்கம் போனான். போய் நின்று காலை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இடதுகைக்கு அங்கே தொடங்க முடியாது. தூருக்கே வர வேண்டும். திரும்பி வந்தான். பதினெட்டு வருசத்தில் முதல் தடவையாக இருவரும் ஒரே முனையில் நின்றார்கள், நடுவில் தடி, ஒரே திசை பார்த்து.

முதல் வெட்டு கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவது ஆழமாக இறங்கி மாட்டிக்கொண்டது. பாலையனுக்கு வேர்த்துக் கொட்டியது. கருணாகரன் தன் வெட்டை நிறுத்திவிட்டு மடியில் பீடி தேடினான், தேடிக்கொண்டே இருந்தான். பத்தாவது வெட்டில் கோடாலி கோட்டைத் தொட்டு வழுக்கி இறங்கியது. கை அகலத்துக்கு ஒரு சிராய் முழுசாகச் சுருண்டு விழுந்தது. அப்போதுதான் கருணாகரனுக்குப் பீடி கிடைத்தது. பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் தடிக்கு மேலாக நீட்டினான்.

பாலையன் அதை வாங்கவில்லை. “கருணாகரா, அண்ணைக்கு சாயாக்கடையில வச்சு நான் பறைஞ்சது…”

“சாயாக்கடையில் பலரும் பலதும் பறையும். பீடி அணைஞ்ஞு போவும், பிடிக்கெடா.”

பாலையன் வாங்கினான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை என்பதைச் சுகிர்தபாய் கண்டாள். கருணாகரன் சொல்லாமல் விட்டது அவன் நெஞ்சில் கிடக்கும், ஒருநாள் வெளியே வரும் என்று பாலையன் பயப்படுகிறான். அவளுக்கும் அந்தப் பயம் இருந்தது.

வெயில் சாயும்போது பாதித் தடி முடிந்திருந்தது. கருணாகரனின் பெண்டாட்டி அம்மிணி கடவத்தோடு வந்தாள். சுகிர்தபாயைக் கண்டதும் கடவத்தைக் கீழே போட்டுவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தற நாளாச்சு மைனி. வாங்க, உங்க பங்கை முதல்ல வாரிட்டுப் போங்க. எனக்குத் தலைவேதனை தீரட்டும்.”

“இப்பந்தான செதுக்கினாவ. கொஞ்சந்தான் கெடக்கு.”

“இதல்ல. அது.”

அம்மிணி காட்டிய இடத்தில், தடிக்குப் பாலையன் பக்கத்தில், களத்தின் ஓரமாக, முடைந்த ஓலை போட்டு மூடிய ஒரு மேடு இருந்தது. வைக்கோல் போர் என்றுதான் சுகிர்தபாய் அதுவரை நினைத்திருந்தாள்.

“ரெண்டு வருசமாட்டு இந்தப் பக்கம் விழுந்த ஒரு சிராயை எடுக்க விடமாட்டாரு. அடுப்பு அணைஞ்சு கெடந்தாலும் சரி. ‘அது பாலையன்றெ பாகம், தொடண்டா’ன்னு பறைவாரு. ரெண்டு பக்கமும் இவருதான செதுக்குதாருன்னு கேட்டா சண்டைக்கு வருவாரு. மழைக்கு ஓலை மாத்தவே என் உயிரு போச்சு.”

கோடாலிச் சத்தம் நின்றது. பாலையன் தலை நிமிராமல் நின்றான். கருணாகரன் அம்மிணியைப் பார்த்து, “நினக்கு வாய் கூடுதல் நீளம்” என்று சொல்லிவிட்டு நூல் சுற்றப் போய்விட்டான்.

சுகிர்தபாய் ஓலையைத் தூக்கினாள். மேல் அடுக்கு மக்கிப்போயிருந்தது, காளான் பூத்திருந்தது. முழங்கை ஆழத்துக்குக் கையை விட்டாள். உள்ளே உலர்ந்திருந்தது. புன்னை, பலா, வேங்கை, மா என்று பாலையன் செதுக்காத மரங்களின் சிராய் வாசனை வாசனையாக வந்தது. கடவம் நிறைய வாரினாள். மேலே அன்றைக்கு விழுந்த அயனிச் சிராயை ஒரு கை அள்ளி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் நாலு சிராய் வைத்துத் தீக்குச்சி கிழித்தாள். ஊதுகுழலைக் கையில் எடுத்தாள், தேவைப்படவில்லை. தீ தானே பிடித்து நின்று எரிந்தது. கிழங்கு கொதிக்கத் தொடங்கியது. பாலையன் வாசல்படியில் உட்கார்ந்து இடதுகையால் வலது கைமுட்டியைத் தடவிக்கொண்டு உள்ளே பார்த்தான்.

“என்ன எட்டி, புகையா?”

“ஆமா” என்றாள் சுகிர்தபாய், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அடுப்பில் புகையே இல்லை.